ஆஸ்டெரிக்ஸ்: கஷாயம் குடித்த கிராமத்தைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்னிடம் இருக்கும் ஆஸ்டெரிக்ஸ் என்ற பிரெஞ்சுக் காமிக்ஸ் ஆல்பங்கள் இரவல் போய்த் திரும்பும்போதெல்லாம் கூடவே கேள்விகளும் வருகின்றன. சில கேள்விகள் பத்து வயதுப் பிள்ளைகளுடையவை, சில அந்தப் பிள்ளைகளின் அப்பாக்களுடையவை. பிள்ளைகள் கேட்பதற்குத்தான் பதில் சொல்வது கஷ்டம். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டால் தேவலை என்று உட்கார்ந்தேன். சில கதைகளின் முடிவைப் போட்டு உடைத்திருக்கிறேன். முடிவு எப்போதும் விருந்துதான் என்பதால் பெரிய பாவமில்லை.

கதை என்ன, சுருக்கமாக?

கி.மு. 50. ஜூலியஸ் சீசர் கௌல் தேசம் முழுவதையும் பிடித்துவிட்டார். இன்றைய பிரான்ஸ், பெல்ஜியம், அவற்றின் சுற்றுவட்டாரம், இதெல்லாம் சேர்ந்தது கௌல். ('கால்' என்று எழுதினால் தமிழில் சுளுக்கிக்கொள்கிறது, அதனால் கௌல்.) வடமேற்கு மூலையில், ஆர்மோரிக்கா என்ற கடலோரப் பகுதியில், ஒரே ஒரு குக்கிராமம் மட்டும் அடங்க மறுக்கிறது. சுற்றிலும் நான்கு ரோமானிய முகாம்கள். ஊர்ப் பூசாரி காய்ச்சித் தரும் கஷாயத்தைக் குடித்தால் கொஞ்ச நேரத்துக்கு அசுர பலம் வரும், அதுதான் ரகசியம். ஆள் குள்ளம், புத்தி கூர்மை, இவன் ஆஸ்டெரிக்ஸ். மலை மாதிரி உடம்பு, குழந்தை மனசு, இவன் ஓபெலிக்ஸ். சின்ன வயதில் கஷாய அண்டாவுக்குள் விழுந்ததால் ஓபெலிக்ஸுக்குப் பலம் நிரந்தரமாக ஒட்டிக்கொண்டது. ஒவ்வொரு தடவையும் அண்டா முன்னால் வரிசையில் நின்று தனக்கும் ஒரு கரண்டி கேட்பான், ஒவ்வொரு தடவையும் கிடைக்காது.

யார் உருவாக்கியது?

எழுதியவர் ரெனே கோசினி, வரைந்தவர் ஆல்பெர் உதெர்சோ. 1959ல் 'பிலோத்' என்ற புதிய பத்திரிகைக்கு ஒரு தொடர் தேவைப்பட்டது. முதலில் ஒரு பழைய நரிக்கதையை எடுத்துச் செய்வதாக ஏற்பாடு. அதை வேறொருவர் ஏற்கெனவே செய்துவிட்டார் என்று தெரிந்ததும், பாரிஸுக்கு வெளியே பொபின்யியில் உதெர்சோ குடியிருந்த அடுக்குமாடி வீட்டில் இருவரும் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். பிரெஞ்சு வரலாற்றை ஆரம்பத்திலிருந்து ஒப்பித்துப் பார்த்தபோது கௌல் மக்களில் வந்து நின்றார்கள். அக்டோபர் 29ஆம் தேதி பத்திரிகையின் முதல் இதழிலேயே தொடர் ஆரம்பமானது.

உதெர்சோ முதலில் வரைந்துகாட்டியது ஆஜானுபாகுவான ஒரு வீரனை. கோசினிக்கோ, பார்த்தால் நாயகன் என்று சொல்ல முடியாத ஒரு பொடியன்தான் வேண்டும். உதெர்சோ விட்டுக்கொடுத்தார், ஆனால் பக்கத்தில் ஒரு தடியனையும் நிறுத்திவைத்தார். ஓபெலிக்ஸ் பிறந்தது அப்படி.

எனக்குப் பிடித்த முரண் ஒன்று. பிரெஞ்சுக்காரர்களின் மிகப் பெரிய நாட்டுப்பற்றுக் கதாநாயகனை உண்டாக்கிய இருவருமே வந்தேறிகளின் பிள்ளைகள். கோசினியின் அப்பா போலந்திலிருந்தும் அம்மா உக்ரைனிலிருந்தும் வந்த யூதர்கள். அவர் வளர்ந்தது அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரிஸில். உதெர்சோவின் பெற்றோர் இத்தாலியர்கள், அதாவது, யோசித்தால், எதிராளி முகாம்! உதெர்சோவுக்கு நிறக்குருடு வேறு. பிறக்கும்போது கைக்கு ஆறு விரல்கள் இருந்தன, அறுவை சிகிச்சையில் எடுத்தார்கள்.

எல்லார் பெயரும் ஏன் 'இக்ஸ்' என்று முடிகிறது?

சீசரை எதிர்த்து நின்ற நிஜமான கௌல் தலைவனின் பெயர் வெர்சிஞ்செடோரிக்ஸ். கௌல்கள் பேசிய கெல்ட் மொழியில் 'ரிக்ஸ்' என்றால் அரசன். அந்த ஒரு வாலைப் பிடித்துக்கொண்டு கோசினி ஊர் முழுக்கப் பெயர் சூட்டிவிட்டார். ஆஸ்டெரிக்ஸ் என்பது அச்சில் வரும் நட்சத்திரக் குறி, ஓபெலிக்ஸ் என்பது அதற்கு அடுத்து வரும் கத்திக் குறி. ரோமானியர்களுக்கு 'உஸ்', நார்மன்களுக்கு 'ஆஃப்', எகிப்தியர்களுக்கு 'இஸ்' என்று ஜாதகம் பார்த்து வால் ஒட்டியிருக்கிறார்.

பிரெஞ்சு தெரியாது. ஆங்கிலத்தில் படித்தால் சுவை போய்விடாதா?

போகாது. சில இடங்களில் கூடும். ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவர்கள் ஆன்த்தியா பெல், டெரெக் ஹாக்ரிட்ஜ் இருவரும். முதல் ஆல்பம் 1969ல் ஆங்கிலத்தில் வந்தது. சொல்லுக்குச் சொல் மாற்றாமல், அந்தச் சிரிப்பு அதே கட்டத்தில், அதே பேச்சுப் பலூனுக்குள் வர வேண்டும் என்று பார்த்துப் பார்த்துச் செய்தவர்கள். ஓபெலிக்ஸ் வளர்க்கும் நாய்க்குட்டியின் பிரெஞ்சுப் பெயர் இதேஃபிக்ஸ், மனசில் பிடித்துக்கொண்ட ஒரே எண்ணம் என்று பொருள். ஆங்கிலத்தில் அது டாக்மாட்டிக்ஸ் ஆனது. நாய் என்ற சொல்லும் உள்ளே வந்துவிட்டது, பிடிவாதமும் தங்கிவிட்டது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஓபெலிக்ஸ் அடிக்கடி நெற்றியைத் தட்டிக்கொண்டு, 'இந்த ரோமானியர்களுக்குக் கிறுக்குப் பிடித்திருக்கிறது' என்பான். இத்தாலிய மொழிபெயர்ப்பில் அந்த வாக்கியத்தின் நான்கு சொற்களுடைய முதல் எழுத்துகளைச் சேர்த்தால் எஸ்.பி.க்யூ.ஆர். என்று வரும். ரோமப் படைகள் கொடியில் தூக்கிச் சென்ற அதே அரசாங்க முத்திரை! மொழிபெயர்ப்பாளனுக்கு இப்படி ஒரு லாட்டரி ஜென்மத்துக்கு ஒருமுறைதான் விழும்.

தமிழில் பெயர் வைப்பதென்றால் எப்படி வைப்பீர்கள்?

இதை யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தேன். கஷாயம் காய்ச்சும் கெட்டாஃபிக்ஸ் நம்மூரில் லேகியமிக்ஸ். அபாரமாக அபஸ்வரம் பாடும் காகஃபோனிக்ஸ், அபஸ்வரமிக்ஸ். 'அம்' என்று முடியும் சொல் எதை எடுத்தாலும் தானாகவே 'மிக்ஸ்' வந்துவிடுகிறது, இட்லி மிக்ஸ் மாதிரி. ஊசிப்போன மீன் விற்கும் அன்ஹைஜீனிக்ஸ், கருவாட்டிக்ஸ். இளம் மனைவியோடு வாழும் கிழவர் ஜெரியாட்ரிக்ஸ், பல்லுபோனிக்ஸ். ஊர்த்தலைவர் வைட்டல்ஸ்டாட்டிஸ்டிக்ஸுக்குத் தொப்பையிக்ஸ் என்று வைக்கலாம், ஆனால் அவர் மனைவி இம்பெடிமென்டாவிடம் யார் பதில் சொல்வது? நாய்க்குட்டி மட்டும் என்னைத் தோற்கடித்துவிட்டது. 'பிடிவாதிக்ஸ்' என்றால் நாய் தொலைந்துவிடுகிறது, நாயை உள்ளே இழுத்தால் பிடிவாதம் ஓடிவிடுகிறது.

குடித்தால் ஜெயம் என்று ஒரு கஷாயம் இருக்கும்போது கதையில் என்ன சுவாரஸ்யம்?

எனக்கு வந்த கேள்விகளிலேயே நல்ல கேள்வி இதுதான். கேட்டது ஒரு ஒன்பது வயதுப் பெண்.

ஆமாம், சண்டை முதல் பக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. ரோமானியர்களால் அடித்து ஜெயிக்க முடியாது. அது சீசருக்கும் தெரியும், வாசகருக்கும் தெரியும், தினமும் உதை வாங்கும் சிப்பாய்க்கு எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். சண்டை ஒரு கேள்வியே இல்லை என்று ஆகிவிட்டதால் கோசினிக்குக் கை ஃப்ரீயாகிவிட்டது. கத்தியால் பிடிக்க முடியாத ஊரை வேறு எதனால் பிடிக்கலாம்? நல்ல ஆல்பங்கள் எல்லாமே இந்த ஒரு கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்பவைதான்.

கோள் மூட்டிப் பிடிக்கலாம். 1970ல் வந்த ரோமானிய ஏஜென்ட் கதையில் டெட்ரிட்டஸ் என்று ஒருவன் வருகிறான். போன இடமெல்லாம் சண்டை மூளும். அவனைச் சிங்கங்களுக்கு இரையாகப் போட்டார்கள், சிங்கங்கள் ஒன்றையொன்று தின்று தீர்த்தன. அவன் கிராமத்துக்கு வந்து ஒரே ஒரு ஜாடியைப் பரிசளிக்கிறான். தலைவருக்குக் கொடுக்காமல் ஆஸ்டெரிக்ஸுக்குக் கொடுக்கிறான், 'இந்த ஊரின் முக்கியஸ்தருக்கு' என்று சொல்லி. அவ்வளவுதான், ஊர் பற்றிக்கொள்கிறது. கோபம் ஏறினால் உதெர்சோ பேச்சுப் பலூனையே பச்சையாக்கிவிடுவார். கல்யாண வீட்டில் பத்திரிகையில் பெயர் விட்டுப்போன மாமாவைப் பார்த்திருப்பவர்களுக்கு இந்த ஆல்பத்தை விளக்கவே வேண்டாம்.

வீடு கட்டிப் பிடிக்கலாம். 1971ல் வந்த தேவர் மாளிகைகள் கதையில் சீசர் காட்டை வெட்டி அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டச் சொல்கிறார். பாரிஸைச் சுற்றிப் புறநகர்க் குடியிருப்புகள் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. வெட்டிய மரங்களைப் பூசாரியின் மந்திரக் கொட்டைகள் நொடியில் முளைக்க வைக்கின்றன, அதுவரை சிரிப்புதான். ரோமானியக் குடும்பங்கள் குடிவந்த பிறகுதான் விஷயம் இருக்கிறது. மீன் விலை ஏறுகிறது. நேற்றுவரை ஒருவரையொருவர் மீனால் அடித்துக்கொண்டிருந்த ஊர், இன்றைக்குச் சுற்றுலாப் பயணிகளுக்குக் கடை விரிக்கிறது. ரோமானியர்கள் ஒரு கத்திகூட எடுக்கவில்லை.

பணம் கொடுத்தும் பிடிக்கலாம். 1976ல் வந்த ஓபெலிக்ஸ் கம்பெனி கதையைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன். காயஸ் பிரிபாஸ்டரஸ் என்ற பொருளாதார நிபுணன், மேல்படிப்பு முடித்த சூட்டோடு, சீசரிடம் யோசனை சொல்கிறான். இந்த ஆட்களுக்குச் சண்டை போட நேரம் இருப்பதே அவர்களுக்குக் காசாசை இல்லாததால்தான், ஆசையை மூட்டுவோம். முகம் அப்படியே ழாக் ஷிராக். அந்தச் சமயம் அவர்தான் பிரான்ஸின் பிரதமர். காட்டில் ஓபெலிக்ஸைப் பிடித்து, அவன் செதுக்கும் நெட்டைக் கல்லை விலைக்கு வாங்குகிறான். நாளைக்கு இரட்டிப்பு விலை தருகிறேன், இன்னும் கொண்டுவா என்கிறான். கல் எதற்கு? யாருக்கும் தெரியாது. ஓபெலிக்ஸ் ஆள் வைக்கிறான். கல் செதுக்குகிறவர்களுக்குச் சாப்பாடு வேண்டுமே, அதற்காகப் பன்றி வேட்டைக்குத் தனி ஆள் வைக்கிறான். உடை மாறுகிறது. டாக்மாட்டிக்ஸோடு விளையாட நேரமில்லை. மறுபக்கம் ரோமில் கல் மலைபோல் குவிய, அதை எப்படி விற்பது என்று விளம்பரத் திட்டம் போடுகிறார்கள். ரோமானியர்களே கல் செதுக்க ஆரம்பிக்கிறார்கள், உள்நாட்டுத் தொழிலைக் காப்பாற்று என்று சாலையை மறிக்கிறார்கள், கடைசியில் சந்தை கவிழ்ந்து ரோமின் நாணயமே மதிப்பிழக்கிறது. கோசினி முழுதாக எழுதி, வெளிவந்ததையும் பார்த்த கடைசி ஆல்பம் இது. ஈமு கோழி வளர்த்துக் கோடீஸ்வரர் ஆகலாம் என்று காசைக் கட்டியவர்கள் இருக்கும் ஊரில் இருந்துகொண்டு இதைப் படித்தால் சிரிப்பு கொஞ்சம் தொண்டையில் நிற்கும்.

அப்படி ஒரு கிராமம் நிஜமாகவே இருந்ததா?

இல்லை. உண்மை இதற்கு நேர் எதிர், கொஞ்சம் கொடூரமும்கூட. ஆர்மோரிக்கா இன்றைய பிரிட்டனி. அங்கே வெனெட்டி என்ற கடலோடிகள் இருந்தார்கள். ஓக் மரத்தில் கட்டிய உயரமான கப்பல்கள், தோல் பாய்கள். கி.மு. 56ல் சீசரை எதிர்த்தார்கள். ரோமானியர்கள் நீளக் கம்பு நுனியில் கொக்கி கட்டி அவர்களுடைய பாய்க்கயிறுகளை அறுத்தார்கள். காற்றும் நின்றுபோக, கப்பல்கள் அசையாமல் நின்றன. பிறகு நடந்ததைச் சீசரே தன் போர்க்குறிப்பில் எழுதியிருக்கிறார். பெரியவர்கள் சபை மொத்தத்துக்கும் மரண தண்டனை, மற்றவர்கள் அடிமைச் சந்தைக்கு. கி.மு. 52ல் அலேசியா கோட்டை முற்றுகையில் வெர்சிஞ்செடோரிக்ஸ் சரணடைந்தான். ஆறு வருஷம் சிறையில் வைத்திருந்து, கி.மு. 46ல் சீசரின் வெற்றி ஊர்வலத்தில் இழுத்துச் சென்று கொன்றார்கள். கௌல் போர்களில் பத்து லட்சம் பேர் செத்தார்கள், இன்னொரு பத்து லட்சம் பேர் சிறைப்பட்டார்கள் என்பது கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் தரும் கணக்கு. பழங்காலத்து எண்களில் உப்பு தூக்கலாகவே இருக்கும், ஆனாலும் அழிவு பெரிது.

காமிக்ஸின் முதல் பக்கத்தில் அந்தச் சரணாகதி வருகிறது. வெர்சிஞ்செடோரிக்ஸ் ஆயுதங்களைச் சீசரின் காலடியில் வீசுகிறான். காலடியில் அல்ல, காலிலேயே. சீசர் அலறுகிறார். பல தலைமுறைப் பள்ளிக்கூடச் சோகத்தை ஒரே கட்டத்தில் முடித்துவிட்டார்கள்.

தோற்றுப்போன கதையில் பிரெஞ்சுக்காரர்களுக்கு ஏன் இத்தனை ஒட்டுதல்?

'நம் மூதாதையர்களான கௌல்கள்' என்று தலைமுறை தலைமுறையாகப் பாடப்புத்தகத்தில் படித்தவர்கள். 1865ல் அலேசியா மேட்டில் அன்றைய பேரரசர் மூன்றாம் நெப்போலியன் வெர்சிஞ்செடோரிக்ஸுக்கு 7 மீட்டர் சிலையே வைத்தார். முகச்சாயல் நெப்போலியனுடையது என்பார்கள், அரசியல்வாதி வைத்த சிலையில் இது எதிர்பார்க்கக்கூடியதுதான். தொடர் ஆரம்பித்த 1959ல், ஜெர்மானிய ஆக்கிரமிப்பு முடிந்து பதினைந்து வருஷம்தான் ஆகியிருந்தது. சுற்றிலும் ராணுவ முகாம், நடுவில் அடங்காத ஒரு சிற்றூர் என்றால் வாசகருக்கு எது ஞாபகம் வந்திருக்கும்? ஆனால் எழுதியவர்கள் சிரிக்க வைக்கத்தான் எழுதினோம் என்றே சொல்லிவந்தார்கள்.

ஊரைப் பிரிட்டனியில் வைத்ததற்கு ஒரு வீட்டுக்காரணமும் உண்டு. போர்க்காலத்தில் ஜெர்மானியர்களின் கட்டாய வேலையிலிருந்து தப்பிக்க உதெர்சோவின் அண்ணன் அங்கே ஒதுங்கியிருந்தார், தம்பியும் போய்ச் சேர்ந்துகொண்டார். இடத்தை நீயே தேர்ந்தெடு, கடல் மட்டும் பக்கத்தில் இருக்கட்டும், பிரயாணத்துக்கு வசதி என்று கோசினி சொன்னபோது, உதெர்சோ தனக்குத் தெரிந்த கரையை வரைந்தார்.

முதல் ஆல்பம் 1961ல் 6,000 பிரதிகள்தான் அச்சடித்தார்கள். இன்று மொத்த விற்பனை 38 கோடியைத் தாண்டிவிட்டது, மொழிகள் நூறுக்கு மேல்.

ஓபெலிக்ஸ் முதுகில் சுமக்கும் கல் என்ன?

மென்ஹிர். பிரிட்டனியில் கார்னாக் என்ற ஊரில் இப்படி நட்ட கற்கள் மூவாயிரம் அளவில் வரிசை வரிசையாக நிற்கின்றன. நம் பக்கத்து நெடுங்கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அவற்றை நட்டவர்கள் கௌல்கள் அல்ல, அவர்களுக்கு மூவாயிரம் வருஷத்துக்கு மேல் முந்தியவர்கள். ஓபெலிக்ஸ் கல் டெலிவரி செய்வது கோசினி தெரிந்தே செய்த கோளாறு. பல்லவர் காலத்துக் கதையில் ஒருவன் செல்போன் டவர் சுமப்பது போல, திசைதான் தலைகீழ்.

பூசாரியும் தங்க அரிவாளும் நிஜமா?

அந்தப் பூசாரிகளுக்கு ட்ரூயிட் என்று பெயர். வெள்ளை அங்கி உடுத்தி, ஓக் மரத்தில் ஏறி, மிசில்டோ என்ற புல்லுருவிச் செடியைத் தங்க அரிவாளால் அறுப்பார்கள் என்று எழுதிவைத்தவர் முதல் நூற்றாண்டு ரோமானியரான பிளினி. காமிக்ஸ் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. தங்கம் எதையும் அறுக்காது என்பது வேறு விஷயம்.

பிளினி நமக்கும் தெரிந்தவர்தான். வருஷத்துக்கு 5 கோடி செஸ்டர்ஸ் காசை இந்தியா உறிஞ்சிவிடுகிறது என்று புலம்பிய அதே ஆள். காரத்தைத் தவிர வேறொன்றும் இல்லாத மிளகுக்கு இவ்வளவு மவுசா என்றும் ஆச்சரியப்பட்டார். யவனர் பொன்னோடு வந்து கறியோடு, அதாவது மிளகோடு, திரும்பினார்கள் என்று அகநானூறு அதே வியாபாரத்தை எதிர்க்கரையிலிருந்து சொல்கிறது. ஆக, கௌலுக்கு ரோமானியன் படையெடுத்து வந்தவன், நமக்கு மிளகு வாங்க வந்த கஸ்டமர். ஆஸ்டெரிக்ஸ் படிக்கும்போது நமக்கு ரோமானியர்கள் மேல் ஒரு சின்னப் பரிதாபம் வருவது இதனால்கூட இருக்கலாம்.

வானம் தலையில் விழும் என்று பயப்படுகிறார்களே?

அதற்கு ஆதாரம் இருக்கிறது. கெல்ட் தூதர்களிடம் அலெக்சாண்டர், உங்களுக்கு எதைக் கண்டு பயம் என்று கேட்டாராம், தன் பெயரைச் சொல்வார்கள் என்று நினைத்து. வானம் விழுந்துவிடுமோ என்ற பயம் மட்டும்தான் என்றார்களாம். கிரேக்க ஆசிரியர்கள் எழுதியது.

காட்டுப்பன்றி, சிறகு வைத்த தலைக்கவசம்?

இரண்டும் பெரும்பாலும் கற்பனை. கௌல்கள் தின்றது வீட்டில் வளர்த்த பன்றிதான், வேட்டை குறைவு. சிறகுக் கவசம் பிற்கால ஓவியர்களின் கைங்கரியம். மீசையும் கால்சட்டையும் நிஜம்.

எந்த ஆல்பத்திலிருந்து தொடங்குவது?

முதல் ஆல்பத்திலிருந்து வேண்டாம். அதில் உதெர்சோவின் கை இன்னும் பழகவில்லை, ஓபெலிக்ஸும் அவ்வளவாக வரமாட்டான். பிள்ளைகளுக்குக் கிளியோபாட்ரா. மூன்று மாதத்தில் சீசருக்கு அரண்மனை கட்டித் தருகிறேன் என்று ராணி பந்தயம் கட்டும் கதை. ஸ்ஃபிங்க்ஸ் சிலையின் மூக்கு உடைந்த காரணமும் அதில் இருக்கிறது. உடைத்தவன் யார் என்று சொல்லத் தேவையில்லை. பெரியவர்களுக்குப் பிரிட்டனில் ஆஸ்டெரிக்ஸ். பிரிட்டிஷ்காரர்கள் சாயங்காலம் சண்டையை நிறுத்திவிட்டு வெந்நீர் குடிப்பார்கள். தேயிலை இன்னும் வரவில்லை, ஆகவே வெறும் வெந்நீர், விருப்பப்பட்டால் ஒரு சொட்டு பால். சனி ஞாயிறு லீவு. ரோமானியர்கள் இதைக் கண்டுபிடித்து அந்த நேரமாகப் பார்த்து அடிக்கிறார்கள், நாடு போயே போச்சு. இவை பிடித்தால் மேலே சொன்ன மூன்றும். பிறகு ஜோசியன் கதை.

கடற்கொள்ளையர்கள் எதற்கு?

'பிலோத்' பத்திரிகையிலேயே செந்தாடிக் கொள்ளையன் ஒருவனின் சீரியஸான சாகசத் தொடரும் வந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரரைக் கேலி செய்வதற்காக ஆரம்பித்தது, பிறகு நிறுத்த முடியவில்லை. பெரும்பாலான ஆல்பங்களில் கப்பல் மூழ்கும். ஒரு தடவை கௌல்கள் வருவதைப் பார்த்ததும், உதையாவது மிச்சமாகட்டும் என்று தாங்களே கப்பலை மூழ்கடித்துக்கொள்கிறார்கள். மூல நகைச்சுவை மறந்துபோன பிறகும் நகல் மட்டும் உயிரோடு இருப்பதற்கு நல்ல உதாரணம்.

மற்ற நாட்டவர்களைக் கேலி செய்வது இனவெறி ஆகாதா?

ஸ்விஸ்காரன் சுத்தம், ஆங்கிலேயன் மரியாதை, கார்சிகாத் தீவுக்காரன் ரோஷம் என்று எல்லாம் தேய்ந்த அச்சுகள்தான். ஆனால் அதிகம் அடி வாங்குவது அந்தக் கிராமத்தின் தற்பெருமைதான், ஆகவே பெரும்பாலும் உறுத்தாது. உறுத்தும் இடமும் உண்டு. கொள்ளையர் கப்பலில் பாய்மர உச்சியில் நிற்கும் கறுப்பர், தடித்த உதடும் கொன்னல் பேச்சுமாக, பழைய காலனியக் கேலிச்சித்திரத்திலிருந்து நேராக வந்தவர். பெண்களும் அதிகம் மீன் வாங்குகிறார்கள், சண்டை போடுகிறார்கள், வேறு வேலை குறைவு. 1991ல் உதெர்சோ பெண் விடுதலை பற்றி எழுதிய ஆல்பம் நிலைமையை இன்னும் மோசமாக்கியது. பிள்ளைகளோடு படிக்கும்போது இந்த இடங்களில் நான் நிறுத்திப் பேசுவேன், பக்கத்தைத் தள்ளிவிடுவதில்லை.

இந்தியாவுக்கு வருகிறார்களாமே?

1987ல் வந்த மந்திரக் கம்பளம் கதை. காகஃபோனிக்ஸ் பாடினால் மழை கொட்டுகிறது. கங்கைக் கரையில் மழை பொய்த்துவிட்டது, குறித்த நாளுக்குள் பெய்யாவிட்டால் இளவரசியைப் பலி கொடுத்துவிடுவார்கள். ஆகவே ஒரு ஃபக்கீர் கம்பளத்தில் பறந்துவந்து பாடகரை அழைத்துப்போகிறார். பாம்பு, யானை, கம்பளம், எல்லாம் ஐரோப்பியர் கனவு கண்ட இந்தியா. ஆனால் முத்துசுவாமி தீட்சிதர் அமிர்தவர்ஷிணி பாடி எட்டயபுரத்தில் மழை வரவழைத்தார் என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தக் கதை புதிதே அல்ல. அங்கே சுருதி சேர்ந்ததால் மழை, இங்கே சேராததால் மழை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இத்தனை அடிதடியில் யாராவது சாகிறார்களா?

இல்லை. சந்தேகம் இருந்தால் மருத்துவர்களைக் கேளுங்கள். 2011ல் ஒரு நரம்பியல் அறுவை சிகிச்சை இதழில், ஜெர்மானிய மருத்துவர்கள் 34 ஆல்பங்களையும் அலசி, 704 தலைக்காயங்களை எண்ணிக் கட்டுரை எழுதினார்கள். அதில் 450 பேர் ரோமானியர்கள். மரணம் பூஜ்யம். தலைக்கவசம் போட்டிருந்தவர்கள்தான் அதிகம், அடி விழும்போது அது கழன்று பறந்துவிட்டது. தாடைவாரை மாட்டாமல் ஹெல்மெட் போடுகிறவர்கள் கவனிக்க.

படங்கள் பார்க்கலாமா?

ஒன்றே ஒன்று பார்ப்பதென்றால் 1976ல் வந்த பன்னிரண்டு பணிகள் கார்ட்டூன் படம். ஆல்பத்திலிருந்து எடுக்காமல் நேராகப் படத்துக்கே எழுதிய கதை. சீசர் பன்னிரண்டு சோதனைகள் வைக்கிறார். அதில் ஒன்று, ஒரு அரசு அலுவலகத்துக்குப் போய் ஏ-38 என்ற அனுமதிச் சீட்டு வாங்கி வருவது. இந்தக் கவுண்டர், அந்தக் கவுண்டர், ஆறாவது மாடி, மறுபடி கீழே, அம்மணி அரட்டையில், ஐயா சாப்பாட்டில். பைத்தியம் பிடித்தவர்கள் மாடிப்படியில் பாடிக்கொண்டு போகிறார்கள். கஷாயம் இங்கே செல்லாது. ஆஸ்டெரிக்ஸ் தப்பிக்கும் வழி அற்புதம். இல்லாத ஒரு ஏ-39 சீட்டைக் கேட்டு, அலுவலகத்தையே அலைய விட்டுவிடுகிறான். ஒருமுறை எங்கள் ஊரில் ஒரு சான்றிதழுக்காக ஐந்தாவது தடவை போனபோது இதைச் செய்து பார்க்கலாமா என்று யோசித்தேன். தைரியம் வரவில்லை.

கோசினிக்குப் பிறகு?

1977 நவம்பர் 5ஆம் தேதி, இதயப் பரிசோதனைக்காக மருத்துவரிடம் உடற்பயிற்சி சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தபோதே கோசினி இறந்துபோனார். வயது 51. பெல்ஜியக் கதை பாதி வரைந்த நிலையில் இருந்தது. அதில் ஒரு கட்டத்துக்குப் பிறகு வானம் மூடிக்கொண்டு மழை பெய்ய ஆரம்பிக்கும், கதைக்குத் தேவையே இல்லாத மழை. கூட்டாளி போன இடத்தை உதெர்சோ அப்படிக் குறித்துவைத்தார்.

பிறகு உதெர்சோ தனியாக எழுதி வரைந்தார். கோடு கடைசிவரை தளரவில்லை, கதை தளர்ந்தது. 2013லிருந்து தீதியே கொன்ராத் வரைகிறார், முதலில் ழான்-ஈவ் ஃபெர்ரி எழுதினார், 2023லிருந்து ஃபாப்காரோ. புதியவற்றில் சுவாரஸ்யம் உண்டு, மறுபடி மறுபடி எடுத்துப் படிக்கும் ஆசை எனக்கு வரவில்லை. உதெர்சோ 2020ல், 92 வயதில் காலமானார்.

கோசினி எழுதியது தமிழில் ஏதாவது படிக்கலாமா?

லக்கி லூக். சிவகாசி லயன் காமிக்ஸில் வந்த, தன் நிழலைவிட வேகமாகச் சுடும் அந்தக் கௌபாய். உருவாக்கியவர் மோரிஸ், ஆனால் 1955லிருந்து இறக்கும்வரை கதை எழுதியது கோசினிதான். ஜாலி ஜம்பர் என்ற குதிரையின் நக்கலைப் படித்துச் சிரித்திருந்தால், பெயர் தெரியாமலே கோசினிக்கு நீங்கள் ஏற்கெனவே வாசகர்.

ஆஸ்டெரிக்ஸ் பெயரில் சாட்டிலைட் இருக்கிறதா?

1965 நவம்பர் 26ஆம் தேதி பிரான்ஸ் ஏவிய முதல் செயற்கைக்கோளின் பெயர் ஆஸ்டெரிக்ஸ். வானம் தலையில் விழும் என்று பயந்தவனைக் கொண்டுபோய் வானத்திலேயே வைத்தார்கள்.

கடைசிப் பக்க விருந்தில் பாடகரை மட்டும் ஏன் மரத்தில் கட்டிப்போடுகிறார்கள்?

பாடிவிடுவாரே! விருந்து நிலா வெளிச்சத்தில், ஊரே வட்டமாக உட்கார்ந்து, வறுத்த பன்றியோடு நடக்கும். காகஃபோனிக்ஸ் வாயில் துணியோடு ஓரமாகக் கிடப்பார். கொல்லர் சுத்தியலோடு எப்போதும் தயார். விதிவிலக்கும் உண்டு. 1966ல் வந்த நார்மன்கள் கதையில், பயம் என்றால் என்னவென்றே தெரியாத வட ஐரோப்பிய வீரர்கள் அதைக் கற்றுக்கொள்வதற்காகவே கப்பலேறி வருகிறார்கள். பயம் வந்தால் சிறகு முளைக்கும் என்று எங்கோ கேள்விப்பட்டிருக்கிறார்கள், பறக்க ஆசை. கஷாயம் அதைச் சொல்லித்தரவில்லை, காகஃபோனிக்ஸின் கச்சேரி சொல்லித்தந்தது. இரண்டு பாட்டில் பல் கிடுகிடுக்க ஓடினார்கள். அந்தத் தடவை அவருக்கும் விருந்தில் இடம் கிடைத்தது. அடுத்தடுத்த ஆல்பங்களில் பழையபடி கயிறுதான்.